வீட்டில் இரண்டு பேருக்கு வால்வு, யாருக்கு முதலில்?

கேள்வி: டாக்டர், வணக்கம். தேனி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 71 வயது. மூன்று மாதம் முன்பு கோயில் படி ஏறும்போது கண் இருட்டி விழுந்துவிட்டார். எக்கோ எடுத்ததில் அயோர்ட்டிக் வால்வு ரொம்பவும் சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். தங்கைக்கு 26 வயது. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுவந்தோம், 19 வயதில் நிறுத்திவிட்டோம். இப்போது அவளுக்கு மைட்ரல் வால்வு சுருக்கம், பலூன் வைக்கலாம் என்கிறார்கள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, மாமியார் வீட்டில் குழந்தை எப்போது என்று கேட்கிறார்கள். பயந்துபோய் நானும் எக்கோ எடுத்தேன். 'மிக லேசான மைட்ரல் கசிவு' என்று எழுதியிருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரே நோயா? பரம்பரையா? அம்மாவுக்கும் பலூனே போதாதா? கையில் இருக்கும் பணத்துக்கு ஒருவருக்குத்தான் பார்க்க முடியும். அம்மா, "நான் வாழ்ந்து முடிச்சவ, சின்னவளைப் பாருங்க" என்கிறார். யாருக்கு முதலில் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அயோர்ட்டிக் சுருக்கம் கடுமையாக இருந்து, அதனால் ஒரு முறை மயங்கியும் விழுந்துவிட்டார் என்றால் இனி வாரக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும், வருடக் கணக்கில் யோசிக்க நேரமில்லை. தங்கைக்குச் சில வாரம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் வால்வைச் சரிசெய்யும்வரை அவர் கர்ப்பம் தரிக்கக் கூடாது. இதில் இரண்டு பேரையும் பார்க்க வழி இருக்கிறது, பணத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட எக்கோவில் நோய் என்று எதுவும் இல்லை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில் பலருக்கும் இன்றைய எக்கோ கருவிகள் ஒரு துளிக் கசிவைக் காட்டும். வால்வின் இதழ்களின் (திறந்து மூடும் மடிப்புகளின்) அமைப்பு நன்றாக இருக்கிறது என்று அறிக்கையில் இருந்தால் அந்தக் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இனி, மூன்று பேருக்கும் ஒரே நோயா என்ற கேள்வி. உங்கள் ஊரில் பம்புசெட் இருக்கும், அதை வைத்தே சொல்கிறேன். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறது. ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அது தேய்ந்துவிட்டால் மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். இது கசிவு. மேலே இருக்கும் கேட் வால்வு துருவேறி கால்வாசிதான் திறக்கிறது என்றால் அது வேறு கோளாறு. மோட்டார் முக்கி முனகும், குழாயில் அழுத்தம் ஏறும், வயலுக்குத் தண்ணீர் வராது. இது சுருக்கம். இதயத்தில் இப்படி நான்கு வால்வுகள், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. எந்த வால்வு, சுருக்கமா கசிவா, எவ்வளவு கடுமை, எதனால் வந்தது, இந்த நான்கும் தெரிந்தால்தான் சிகிச்சையைப் பேச முடியும். 'வால்வு பிரச்சினை' என்ற ஒற்றைச் சொல்லில் எதுவும் தெரியாது. "பக்கத்து வீட்டுக்காரருக்கும் வால்வுதான், அவர் மாத்திரையிலேயே இருக்கிறார்" என்று சிகிச்சையை நிறுத்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மனசு கேட்பதில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தங்கையின் கதை ஒரு தொண்டை வலியில் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூட வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை புண்ணாகும். நான்கு நாளில் அது ஆறிவிடும், வீட்டில் மறந்தும் போவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு என்று வீக்கம் இடம் மாறும். கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த ஆயுதம் ஆள் தெரியாமல் சொந்த மூட்டையும் இதயத்தையும் தாக்குவதால் வருவது இது. ருமாட்டிக் காய்ச்சல் என்கிறோம். மூட்டு சுவடில்லாமல் சரியாகிவிடும். வால்வில் பட்ட காயம் மட்டும் தழும்பாகிவிடும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வுக்கு இரண்டு இதழ்கள். அவை சேரும் ஓரங்கள் வருடக்கணக்கில் மெதுவாக ஒட்டிக்கொண்டே வரும். நல்ல வால்வின் வாய் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். அது 1.5க்குக் கீழே இறங்கினால் கடுமையான சுருக்கம். நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் அந்தச் சிறிய வாயில் முட்டி நிற்கிறது. மேல் அறை வீங்குகிறது, அழுத்தம் நுரையீரலுக்கே திரும்புகிறது. அதனால்தான் மூச்சு வாங்குவதும், படுத்தால் இருமுவதும், சிலருக்குச் சளியில் ரத்தம் வருவதும். வீங்கிய அறை ஒழுங்கில்லாமல் துடிக்கத் தொடங்கினால் உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். முப்பது வயதில் கை கால் விழுந்து வரும் பெண்ணைச் சோதித்துப் பார்க்கும்போது, அதற்கு முன் ஒருவரும் கண்டுபிடிக்காத மைட்ரல் சுருக்கம் இருப்பதுண்டு.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று தங்கை சொல்லக்கூடும், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நோய் மெதுவாக வருவதால் ஆட்கள் அதற்குத் தக்கபடி வாழ்க்கையைக் குறுக்கிக்கொள்வார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் மூச்சு வாங்குவதே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். கூட வந்த அவருடைய சின்ன மகள்தான், "அம்மா இப்ப குடத்துல பாதிதான் தண்ணி எடுப்பாங்க, ரெண்டு நடை போவாங்க" என்றாள். ஒரு வருடம் முன்பு தங்கை எந்த வேலையை எவ்வளவு நேரத்தில் முடித்தார், இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேளுங்கள். மூச்சு முட்டாமல் படுக்கத் தலையணை ஒன்றா இரண்டா என்றும் கேளுங்கள்.

கர்ப்பத்துக்கு வருகிறேன். கர்ப்பிணியின் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. மைட்ரல் சுருக்கத்துக்கு இரண்டுமே ஆகாது. துடிப்பு வேகமானால் அந்தச் சின்ன வாய் வழியாக ரத்தம் இறங்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. சாதாரண நாளில் சமாளித்த வால்வு ஐந்தாம் ஆறாம் மாதத்தில் கைவிட்டு, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பிரசவமும் அதற்கடுத்த ஒன்றிரண்டு நாளும் இன்னும் ஆபத்தானவை. பலூனுக்குப் பிறகு வாய் 1.5க்கு மேல் திறந்து, நுரையீரல் அழுத்தமும் இறங்கிவிட்டால், பெரும்பாலோர் இதய மருத்துவர், மகப்பேறு மருத்துவர் இருவரின் கண்காணிப்பில் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். மாமியார் வீட்டில் இதை ஒளிக்காதீர்கள். மருமகளுக்குக் குழந்தை பிறக்காது என்று யாரும் சொல்லவில்லை, சில மாதம் பொறுக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். கணவரை ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிப்போய் நேரில் கேட்கவையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

1980களில் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே கொண்டுவந்த பலூன் முறைதான் இன்றும் செய்யப்படுகிறது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போய், மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் சிறு துளையிட்டு, வால்வின் வாயில் பலூனை வைத்துச் சில நொடி ஊதுவார்கள். ஒட்டிய ஓரங்கள் தையல் விடுவதுபோல் பிரிந்துகொடுக்கும். மேஜையில் படுத்திருக்கும்போதே அழுத்தம் இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது சந்தோஷம் தரும் காட்சி. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். இதைச் செய்ய, இதழ்கள் மெல்லியதாக, சுண்ணாம்பு படியாமல் இருக்க வேண்டும், கசிவு அதிகம் இருக்கக் கூடாது, மேலறையில் ரத்தக்கட்டி இருக்கக் கூடாது. கட்டி உண்டா என்று பார்க்க உணவுக்குழாய் வழியாக ஒரு எக்கோ எடுப்பார்கள், அதற்குத் தங்கையைத் தயார்ப்படுத்துங்கள். இதழ் கிழிந்து பெரிய கசிவு வந்து உடனே அறுவை தேவைப்படும் வாய்ப்பும் சிலருக்கு உண்டு. கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பலூன் செய்தால் ஊசி வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 19 வயதில் ஊசியை நிறுத்தியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வலிக்கிற ஊசி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கு லீவு போட்டுப் பஸ் ஏறிப் போக வேண்டும், பிள்ளையோ நன்றாகத்தான் இருக்கிறாள். யாருக்கும் அலுப்புத் தட்டும். ஆனால் அந்த 12 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின் பழைய தழும்பை ஆற்றுவதற்காகப் போடுவதில்லை. அடுத்த தொண்டை வலி இன்னொரு காய்ச்சலாகி, இருக்கும் வால்வையும் கெடுத்துவிடாமல் தடுக்கத்தான் போடுகிறோம். வால்வில் பாதிப்பு தங்கிவிட்டவர்கள் குறைந்தது 40 வயதுவரை தொடர வேண்டும். கர்ப்ப காலத்திலும் போடலாம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. நிறுத்தி ஏழு வருடம் ஆகிவிட்டதால், ஒவ்வாமை உண்டா என்று பார்க்க வசதியுள்ள மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளட்டும்.

இப்போது அம்மா. அவருடைய வால்வு தங்கையின் வால்விலிருந்து எல்லா வகையிலும் வேறு. அயோர்ட்டிக் வால்வு இதயத்தின் வெளிவாசல், உடம்பு முழுவதற்கும் ரத்தம் இதன் வழியாகத்தான் போகிறது. 71 வயதில் பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சல் காரணமாக இருக்காது. இதழ்களுக்குள் வருடக்கணக்கில் சுண்ணாம்பு சேர்ந்து அவை இறுகிவிடுகின்றன. அறுவையில் வெட்டி எடுத்த அப்படியொரு இதழை ஸ்டீல் தட்டில் போட்டால் கூழாங்கல் விழுந்தமாதிரி டங்கென்று சத்தம் கேட்கும். அம்மாவுக்கும் பலூன் போதாதா என்று கேட்டீர்களே, காரணம் இந்தக் கல்தான். தங்கையின் வால்வு ஒட்டிக்கொண்டது, பிரித்துவிட்டால் திறக்கும். அம்மாவின் வால்வோ இறுகிப்போனது. பலூன் வைத்தால் கொஞ்சம் விரியும், சில மாதத்தில் பழையபடி சுருங்கிவிடும். வேறு அவசர நிலையில் கொஞ்ச நாள் தள்ளுவதற்கு மட்டும் அதைச் செய்வதுண்டு.

படி ஏறும்போது ஏன் மயக்கம்? நடக்கும்போது காலின் தசைகள் ரத்தம் கேட்டு, அங்கே குழாய்கள் விரிகின்றன. இதயம் கூடுதலாக அனுப்ப வேண்டும். வாசல் கால்வாசிதான் திறக்கிறது என்றால் அனுப்ப முடியாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழும், மூளைக்கு ரத்தம் போதாமல் கண் இருட்டும். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய வாய் 1க்குக் கீழே போனால் கடுமையான நிலை. இதயச் சுவர் தடித்துத் தடித்து எத்தனையோ வருடம் ஈடுகொடுக்கும், அதுவரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அறிகுறி தொடங்கியபின் கதை வேறு. வால்வை மாற்றாமல் விட்டவர்களைக் கவனித்து 1968லேயே எழுதிவைத்த கணக்கு இது: நெஞ்சுவலி வந்தவர்கள் சராசரியாக 5 வருடம், மயக்கம் வந்தவர்கள் 3 வருடம், மூச்சுத் திணறல் வந்துவிட்டவர்கள் 2 வருடம். சராசரிதான், அம்மாவுக்கு நான் நாள் குறிக்கவில்லை. ஆனால் இந்தச் சுருக்கத்தைக் கரைக்கும் மாத்திரை இன்றுவரை கிடையாது. கொலஸ்ட்ரால் மாத்திரையையும் முயன்று பார்த்துவிட்டார்கள், பலன் இல்லை.

ஒன்று எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பல வீடுகளில் டப்பாவில் வைத்திருக்கிறார்கள். யாரோ கொடுத்தார்கள் என்று அதை அம்மாவுக்கு வைத்துவிடாதீர்கள். கடுமையான அயோர்ட்டிக் சுருக்கத்தில் அது அழுத்தத்தை மேலும் இறக்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டுவந்தால் தானாக நிறுத்த வேண்டாம். எக்கோ அறிக்கையோடு போய் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வால்வை மாற்ற இரண்டு வழி. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை ஒன்று. தொடைக் குழாய் வழியாக, மடக்கிய புது வால்வைக் கொண்டுபோய்ப் பழைய வால்வுக்குள்ளேயே விரித்துப் பொருத்துவது இன்னொன்று. டாவி என்பார்கள். 2002ல் பிரான்சின் ரூவான் நகரில் ஆலன் க்ரிபியே என்ற மருத்துவர் மனிதருக்கு முதன்முதலில் செய்தார். 71 வயதில் இரண்டுமே பேசத்தக்கவை. சிறுநீரகம், நுரையீரல், தொடைக் குழாயின் அகலம், இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்களில் அடைப்பு உண்டா என்பதையெல்லாம் பார்த்துதான் முடிவு செய்வார்கள். டாவி வால்வின் விலையே பல லட்சம். அறுவை அதைவிட மிகக் குறைவு, பல்லாண்டு அனுபவமும் அதற்கு உண்டு. பணம் இல்லாததால் மட்டமான சிகிச்சையைக் கொடுக்கிறோமோ என்று அறுவையைப் பற்றி நினைக்க வேண்டாம்.

புது வால்விலும் இரண்டு வகை. உலோக வால்வு வெகுகாலம் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கி 1990ல் முதன்முதலில் பொருத்திய சித்ரா வால்வு இந்த வகை. அது வந்தபின் எத்தனையோ ஏழைகளுக்கு வால்வு கைக்கெட்டியது. திசு வால்வு மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்தது. இந்த மாத்திரை ஆயுள் முழுக்கத் தேவைப்படாது, ஆனால் 10, 15 வருடத்தில் தேயும். அம்மாவின் வயதுக்குத் திசு வால்வுதான் பெரும்பாலும் பொருந்தும். 26 வயதுப் பெண்ணுக்கு இரண்டுமே சங்கடம். திசு வால்வு இளம் உடம்பில் சீக்கிரம் கெடும். உலோக வால்வுக்கான மாத்திரை கருவின் முதல் மாதங்களில் குழந்தையைப் பாதிக்கும். தங்கைக்கு வால்வை மாற்றாமல் பலூனில் சமாளிக்க மருத்துவர் நினைப்பது இதனால்தான்.

கசிவு நோய் உங்கள் வீட்டில் இல்லை என்றாலும், பலூனுக்குப் பிறகு தங்கைக்குக் கசிவைக் கண்காணிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். மைட்ரல் கசிவில் இதயம் முன்னும் அனுப்புகிறது, பின்னும் கக்குகிறது. இந்த அதிகப்படி வேலைக்கு அறை பெரிதாகிறது. எக்கோவில் 'ஈஎஃப் 60 சதவீதம்' (ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) என்று பார்த்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கடுமையான மைட்ரல் கசிவில் அந்த 60 ஏமாற்றும் எண். பின்பக்கம் சுலபமாகத் தள்ளும் ரத்தமும் அதில் சேர்ந்துவிடுகிறது, உள்ளே தசை தளர ஆரம்பித்திருக்கும். அந்த எண் 60க்கு இறங்கினாலே, மூச்சு வாங்காவிட்டாலும், அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். இதழைத் தாங்கும் நாண் திடீரென்று அறுந்து கசிந்தால் மணிக்கணக்கில் மூச்சு முட்டும், அது அவசரம். அயோர்ட்டிக் கசிவில் பிரஷர் 160க்கு 50 என்பதுபோல் மேல் எண்ணும் கீழ் எண்ணும் தள்ளி நிற்கும், கழுத்து நரம்பு குதிப்பது எதிரில் இருப்பவருக்கே தெரியும். வலப்பக்க வால்வு கசிந்தால் மூச்சைவிடக் கால் வீக்கமும் வயிறு உப்புவதும் முந்திக்கொள்ளும்.

பரம்பரையா என்று கேட்டீர்கள். அம்மாவிடமிருந்து தங்கைக்கு வந்ததில்லை, இரண்டும் தனித்தனி. ஆனால் அம்மாவின் வால்வில் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு அப்படி இருக்கும், சில குடும்பங்களில் தொடரும். அப்படியென்றால் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ பார்க்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், அதே அறிக்கையில் அயோர்ட்டிக் வால்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய வால்வு சிகிச்சைகள் இருக்கின்றன. அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு நேரில் போங்கள். காப்பீட்டு அலுவலரிடம் இரண்டு அறிக்கைகளையும் ஒரே நேரத்தில் காட்டி, எதற்கு எவ்வளவு அனுமதி என்று எழுதி வாங்குங்கள். அட்டை இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குவதை நாளைக்கே தொடங்குங்கள். நகையை அடகு வைப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வாழ்ந்து முடித்த இதயமாக இருந்தால் இப்படிப் போராடாது. வாசல்தான் அடைத்திருக்கிறது, பின்னால் இருக்கும் தசை இன்னும் வலுவாகவே இருக்கக்கூடும். எக்கோவில் அதுவும் எழுதியிருக்கும். சின்னவள் பிரசவத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்றும் கேளுங்கள். அதுவரை படி ஏறுவதும் சுமை தூக்குவதும் வேண்டாம், குளிக்கும்போது கதவைத் தாழ் போட வேண்டாம். மறுபடி மயங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டி இரவில் எழுந்து உட்கார்ந்தாலோ 108க்கு அழையுங்கள். அறுவைக்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தைப் பல் இருந்தால் முடித்துவிடுங்கள், வாயிலிருந்து கிருமி போய்ப் புது வால்வில் ஒட்டக்கூடும். உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், காய்ச்சலோடு தொண்டை வலி வரும்போது கஷாயத்தோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்பது நாளுக்குள் சரியான மருந்தைத் தொடங்கி முழுதாகக் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம்.

மதுரைக்குப் போகும்போது தங்கையின் பழைய ஊசி அட்டை பரணில் கிடந்தால் தேடி எடுத்துப் போங்கள். முதல் ஊசி எந்த வருடம் போட்டது என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.